கயிற்றில் பதினாலு பேர்

செப்டம்பர் 12

பாட்டிக்கு,

பார்சல் வந்துவிட்டது. பிரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பார்சலைச் சுற்றிலும் பட்டன் துளைக்குக் காஜா எடுத்த மாதிரி நெருக்கமாகத் தைத்து அனுப்புகிற ஆள் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? உள்ளே சின்னப் பிள்ளை உயரத்துக்கு ஒரு துணி யானை. ஒரு காது கோடு போட்ட சட்டைத் துணி, இன்னொரு காது யூனிஃபார்ம் நீலம். நீங்கள் காஜா எடுக்கிற டெய்லர் கடையில் விழுகிற துண்டு ஒன்றையும் விடவில்லை என்று தெரிகிறது.

யானை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். வகுப்பில் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

கல்லூரிக்குப் பக்கத்துப் பள்ளியில் வாரம் மூன்று நாள் காலையில் எனக்குப் பயிற்சி என்று எழுதியிருந்தேன் அல்லவா? நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேர். எல்லாரும் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் ஆளுக்கொரு பாஷை. இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர் பெரிய டீச்சர். நான் அவருக்கு உதவி. இந்தப் பயிற்சிக்கான மணி நேரம் முழுதாகச் சேர்ந்தால்தான் எனக்குப் பட்டம். முதல் பாடம், பேர் கூப்பிட்டதும் கையைத் தூக்கி "ஐ ஆம் ஹியர்" என்று சொல்வது. முதல் நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஒருவன் மட்டும் சொல்லவில்லை. அவன் எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு நீளக் கயிறு உண்டு. அதில் பதினாறு துணி வளையம். ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். அவன் பிடிக்க மாட்டான். வாசலில் உட்கார்ந்துகொள்வான். ஒரு வளையம் எப்போதும் சும்மா கிடக்கிறதே என்று அதில் உங்கள் யானையின் தும்பிக்கையை மாட்டினேன். அவன் எழுந்து வந்து அதற்குப் பின்னால் இருந்த வளையத்தைப் பிடித்தான். படியில் இறங்கும்போது யானை கழன்று விழுந்தது. "வெயிட்" என்றான்.

பெரிய டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து யானையும் தினமும் கயிற்றில் வருகிறது.

உங்கள் பேத்தி


செப்டம்பர் 27

கண்ணு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், காய்ச்சலில் படுத்திருந்தாலும்.

உன் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போய்ப் படித்துக்காட்டினேன். கட்டிங் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்குமா? "பாட்டி, யானைக்கு விசா எடுத்தீங்களா?" என்றார். "அது வேலை தேடிப் போகலப்பா, படிக்கப் போயிருக்கு" என்றேன். டெய்லர் சிரித்த சிரிப்பில் ஊசி உடைந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் தைத்த பொம்மை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்குமா?

என் நாத்தனார் வந்திருந்தாள். அவளுக்குப் பேரன் பெருமை பேசாவிட்டால் பொழுது போகாது. "உங்க பேத்தி அங்க என்னதான் பண்றா?" என்று கேட்டாள். காலேஜில் பாடம் எடுக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். நீ மூக்குத் துடைப்பதையும் ஷூ மாட்டிவிடுவதையும் அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஊமைக்கோட்டான் இப்போது என்ன சொல்கிறான்? எழுது. போனில் பேசினால் எனக்குப் பாதிதான் கேட்கிறது, மீதியை உன் அப்பன் கத்திச் சொல்கிறான். கடிதமாக இருந்தால் நாலு பேருக்குப் படித்துக்காட்டலாம்.

பாட்டி


அக்டோபர் 15

பாட்டிக்கு,

இந்தக் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போக வேண்டாம். அப்பாவிடமும் கொடுக்க வேண்டாம்.

ஆறு நாள் முன்பு நடந்தது இது. அன்று பதினாலு பேர் வந்திருந்தார்கள். தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது மழை வந்தது. அவசரமாக மழைக்கோட்டு மாட்டிக் கயிற்றில் நிறுத்தினோம். எல்லாத் தலைமேலும் தொப்பி. யானை நனையும் என்று அவன், அந்தப் பேசாத பிள்ளை, அழ ஆரம்பித்தான். வராத பிள்ளையின் மழைக்கோட்டு தோட்டத்து வாசல் கொக்கியில் தொங்கியது. அதை எடுத்து யானைக்குப் போட்டு, தொப்பியையும் இழுத்துவிட்டேன். பாட்டி தைத்தது நனையக் கூடாது என்று எனக்கும் இருந்தது.

எண்ணுவது என் வேலை. தினமும் முகத்தைப் பார்த்துத் தலையைத் தொட்டு எண்ணுவேன். அன்று மழைக்குப் பயந்து பின்பக்கமாகவே தொப்பிகளைத் தொட்டுக்கொண்டு ஓடினேன். பெரிய டீச்சர் கதவருகிலிருந்து "எத்தனை?" என்றார். "பதினாலு" என்றேன். அவர் தாளில் பதினாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவை மூடினோம்.

பதின்மூன்று பிள்ளைகளும் ஒரு யானையும்.

சறுக்கு மரத்துக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை நின்றிருந்தாள். சுருட்டை முடி, நாலு வயது. பன்னிரண்டு நிமிடம் கழித்துத் தோட்டக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் நனைந்து உதடு நீலமாக இருந்தது. காய்ச்சல் வந்து நாலு நாளில் சரியாகிவிட்டது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலையில் இருக்கிறார். வேலை உடுப்போடு, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

நவம்பர் ஆறாம் தேதி விசாரணை. கையெழுத்து பெரிய டீச்சருடையது என்பதால் கேள்வியெல்லாம் அவரிடம்தான். அவர் என் பேரைச் சொல்லவில்லை. "என் வகுப்பு, என் கையெழுத்து" என்பதோடு நிறுத்திக்கொண்டார். தான்தான் எங்கோ சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறார். யானையை எண்ணியது அவருக்குத் தெரியாது. எனக்கே அன்று சாயங்காலம், மழைக்கோட்டை அதன் கொக்கியில் திரும்ப மாட்டும்போதுதான் உறைத்தது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

சொன்னால் என் பயிற்சி போகும். ஒரு வருடம் போகும். சொல்லாவிட்டால் அவருக்கு வேலை போகும் என்கிறார்கள். நான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்கள் பேத்தி


அக்டோபர் 26

கண்ணு,

கடிதத்தைப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை.

முதலில் சாப்பிடு. அப்புறம் நான் சொல்வதைக் கேள். வாயைத் திறக்காதே.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் வந்தது, போயிற்று. நம் வீட்டில் மழையில் நனையாமல் வளர்ந்த பிள்ளை உண்டா? கையெழுத்துப் போட்டது யார்? அந்த டீச்சர். எண்ணிப் பார்க்காமல் எதற்குப் போட வேண்டும்? அவளுக்கு அது சொந்த ஊர், அவளுக்குப் பேச நாலு பேர் வருவார்கள். இந்த வேலை போனால் இன்னொன்று. உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? உன்னை அனுப்ப உன் அப்பனும் அம்மாவும் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதை நான் எழுத வேண்டியதில்லை.

நீ வாயைத் திறந்தால் இங்கே என்ன ஆகும் என்று யோசித்தாயா? பிள்ளையை மழையில் விட்டவள் என்று பேர் வரும். என் நாத்தனாருக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சு கிடைக்கும். தெருவில் நான் தலை நிமிர்ந்து நடந்தவள். எழுபத்திரண்டு வயதில் குனிந்து நடக்க எனக்குத் தெரியாது.

யானையைப் பற்றி மூச்சு விடாதே. அதை எடுத்து எங்காவது போட்டுவிடு. கேட்டால் கிழிந்துவிட்டது என்று சொல்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பாட்டி


நவம்பர் 8

பாட்டிக்கு,

உங்கள் கடிதம் விசாரணை அன்று காலையில்தான் வந்தது. பஸ்ஸில் படித்தேன். இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மழை இல்லை, ஆனாலும் ஓடினேன்.

நீளமான மேஜை. பள்ளி நிர்வாகி அம்மா, ஒரு அதிகாரி, பெற்றோர் சார்பில் ஒருவர். ஓரத்து நாற்காலியில் சுருட்டையின் அம்மா. அன்றும் வேலை உடுப்பில்தான் வந்திருந்தார், முடித்துவிட்டு ஷிப்டுக்குப் போக வேண்டுமாம். பெரிய டீச்சரிடம் அதே கேள்வியை நாலு விதமாகக் கேட்டார்கள். அவர் அதே பதிலை நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை கேட்டபோது நான் எழுந்துவிட்டேன். "எண்ணினது நான். ஒரு பொம்மையையும் சேர்த்து எண்ணிட்டேன்" என்றேன். மழைக்கோட்டைச் சொன்னேன். தொப்பியைச் சொன்னேன். 

சுருட்டையின் அம்மாதான் முதலில் பேசினார். "தோட்டக்காரர் பார்க்கலேன்னா, உங்களுக்கு எப்போ தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பால் கொடுக்கும் நேரத்தில். இன்னும் இருபது நிமிடம் கழித்து. அதைச் சொன்னேன்.

முடிவை மறுநாள் சொன்னார்கள். என் பயிற்சி ரத்து. அடுத்த செப்டம்பரில், வேறு பள்ளியில், முதலிலிருந்து. பெரிய டீச்சருக்கு எழுத்தில் எச்சரிக்கை, வேலை இருக்கிறது. யானையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பெரிய டீச்சர் என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். அந்தப் பேசாத பிள்ளை நேற்று யாரிடமோ சண்டை போட்டான், முழு வாக்கியமாக, என்று மட்டும் சொன்னார். 

போன கடிதத்தில் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். எழுத முடியவில்லை. தோட்டக்காரருக்கு அவள் அங்கே நிற்பது எப்படித் தெரிந்தது என்றால், சத்தம் கேட்டுத்தான். அழுகைச் சத்தம் இல்லை. அவள் மூடிய கதவைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு "ஐ ஆம் ஹியர், ஐ ஆம் ஹியர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான். நான் சொல்லிக்கொடுத்தது.

பாட்டி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் ஒன்றை நான் வெறுத்தது இதுதான் முதல் தடவை.

உங்கள் பேத்தி


டிசம்பர் 14

பாட்டிக்கு,

ஐந்து வாரம் ஆயிற்று. நீங்கள் எழுதவில்லை. போனில் அப்பா, "அவங்க நல்லாத்தான் இருக்காங்க, கூப்பிட்டா வேலை இருக்குன்னு எழுந்து போயிடறாங்க" என்கிறார். அப்பாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் "சரி, ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்றார்.

போன கடிதத்தின் கடைசி வரியை நான் எழுதியிருக்க வேண்டாம். ஆனால் அதை இல்லை என்று இப்போது எழுதினால் பொய்யாகிவிடும்.

மதியம் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் பேத்தி


ஜனவரி 9

கண்ணு,

நீ வெறுத்ததற்காக நான் எழுதாமல் இருக்கவில்லை. என்னை வெறுத்தவர்கள் நிறையப் பேர், அதில் நீயும் ஒரு ஆள். எழுத உட்கார்ந்தால் அந்தப் பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினார்கள் என்று உனக்குத் தெரியும். எப்படி நிறுத்தினார்கள் என்று தெரியாது. பள்ளிக்கூடத்துச் சுவரும் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரும் ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை காலையில் என் அம்மா என்னைப் பாத்திரம் தேய்க்க உட்காரவைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வாத்தியார் பேர் கூப்பிடுகிறார். என் பேர் வந்தது. நான் சாம்பல் கையோடு எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றேன். சுவர் உயரம். கேட்கவில்லை போலிருக்கிறது. அடுத்த பேருக்குப் போய்விட்டார். மறுநாளும் கூப்பிட்டார். மறுநாளும் சொன்னேன். சனிக்கிழமை வரை கூப்பிட்டார். அடுத்த திங்கட்கிழமை என் பேர் வரவில்லை. பேரை அடித்துவிட்டார்கள்.

அப்புறம் நான் யாருக்கும் பதில் சொல்கிற இடத்தில் நிற்கவில்லை. மாமியாருக்குக்கூட. பெருமைக்காரி என்று பேர் வாங்கினேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ கடிதத்தில் அந்தப் பிள்ளை சொன்னதை எழுதியிருந்தாய் பார், அதைப் படித்த அன்று மூன்று சட்டைக்குக் காஜாவைத் தப்பான பக்கம் எடுத்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர் "என்ன பாட்டி, கண்ணாடி மாத்தணுமா?" என்றார். ஆமாம் என்றேன்.

போன வாரம் நாத்தனார் வந்தாள். "பேத்தி காலேஜ்ல பாடம் எடுத்து முடிச்சிட்டாளா?" என்றாள். நான் சொல்லிவிட்டேன், நீ பாடம் எடுக்கவில்லை, உதவிக்குத்தான் இருந்தாய் என்று. எண்ணும்போது தப்பு நடந்தது, ஒரு பிள்ளை மழையில் நின்றது, நீயே எழுந்து சொன்னாய், ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று என்று எல்லாவற்றையும். அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏன் அண்ணி எங்கிட்ட சொல்றீங்க?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். இதை இங்கிலீஷில் எழுதி அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கொடு. ஒரு வரி விடாதே. மாற்றாதே. நீ மாற்றினால் எனக்குத் தெரியாது என்றுதானே நினைப்பாய்? தெரியாதுதான். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டி

(உள்ளே இருந்த காகிதம்)

அம்மா, அந்த யானையைத் தைத்தவள் நான். எண்ணியவளின் பாட்டி. உங்கள் பிள்ளை மழையில் நின்றது தெரிந்த பிறகும், வாயைத் திறக்காதே என்று என் பேத்திக்கு நான் எழுதினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுதினேன். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன். நான் எழுதியது தப்பு. நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.


பிப்ரவரி 3

பாட்டிக்கு,

உங்கள் காகிதத்தை மொழிபெயர்க்க நாலு நாள் ஆயிற்று. வார்த்தை கிடைக்காமல் இல்லை. "வாயைத் திறக்காதே என்று எழுதினேன்" என்கிற வரியை விட்டுவிடலாம் என்று மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன். அந்த வரி இல்லாமல் படித்தால் நீங்கள் நல்லவராகத் தெரிந்தீர்கள். ஆனால் அது உங்கள் கடிதமாக இல்லை. சேர்த்துவிட்டேன்.

பள்ளிக்குள் நான் போகக் கூடாது. அதனால் பிள்ளையை விட்டுவிட்டு அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிற நிறுத்தத்தில் நின்றேன். அன்று பள்ளி விடுமுறை என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டே வந்தார். சுருட்டைக்கு என்னை ஞாபகம் இருந்தது. அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அம்மாவின் விரலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இப்போதெல்லாம் வீட்டுக்குள்கூட விடுவதில்லை என்றார் அம்மா.

"என் பாட்டி உங்களுக்கு எழுதினது" என்று நீட்டினேன். அவருக்கும் இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, நின்றபடியே படித்தார். நடுவில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். மன்னிப்பு என்பதற்கு நான் போட்டிருந்த இங்கிலீஷ் சொல் அது. அவர் பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அது போய்விட்டது.

படித்து முடித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மன்னிச்சேன்னு என்னால சொல்ல முடியாது. அப்படிச் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. படிச்சேன்னு உங்க பாட்டிகிட்ட சொல்லுங்க." காகிதத்தை நாலாக மடித்து உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் அடுத்த பஸ் வரும் வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம். 

உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். வேறு மாதிரி எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

செப்டம்பரில் புதுப் பள்ளி உறுதியாகிவிட்டது. கடிதம் வந்துவிட்டது.

உங்கள் பேத்தி


பிப்ரவரி 18

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. இதையும் கடைக்கு எடுத்துப்போகவில்லை. ஆனால் அரிசி டப்பாவிலும் வைக்கவில்லை. மேஜை மேல்தான் இருக்கிறது. உன் அப்பன் படித்தான், உன் அம்மா படித்தாள்.

புதுப் பள்ளியில் சேரும்போது, போன வருஷம் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. மழையோ வெயிலோ, முகத்தைப் பார்த்து எண்ணு. இது நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை, எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா மன்னிக்கவில்லை என்பதை நீ பூசி மெழுகாமல் எழுதியது நல்லது. படித்தபோது முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. இவ்வளவு இறங்கி வந்து கேட்டும் இப்படியா என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்ப உட்கார்ந்து யோசித்தேன். என் பிள்ளையை யாரோ மழையில் விட்டுவிட்டு, அவர்கள் வீட்டுக் கிழவி ஒருத்தி கடல் தாண்டிக் காகிதம் அனுப்பியிருந்தால், நான் அதைக் கையால் வாங்கியிருக்க மாட்டேன். அவள் வாங்கியிருக்கிறாள். பஸ்ஸை விட்டுவிட்டு நின்று படித்திருக்கிறாள். அர்த்தம் தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்டுப் படித்திருக்கிறாள்.

இனி அவளைத் தேடிப் போகாதே. நல்லவள் என்று அவளிடம் காட்டிக்கொள்ளவும் போகாதே. வழியில் எதிரே வந்தால் நீ ஓரமாக ஒதுங்கி நில். அவளும் பிள்ளையும் கை கோத்தபடியே தாண்டிப் போக வழி விடு.

பாட்டி